ஒரு மேசைச் சண்டைக்கு அனுமதி

என் ராசா, என் தம்பிக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஆறு மாதமாகிறது. அழுது முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் உன் பெட்டி வந்து சேர்ந்தது. இனிக் கோபமும் பட வேண்டியிருக்கிறது. எனக்கு அதற்கும் தெம்பில்லை, தம்பி.

இங்கே வட்டக்கச்சியில் நெல் அரிவு வெட்டு முடிந்துவிட்டது. அத்தானுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வயலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே.

பெட்டியை லண்டனிலிருந்து உன் மகள் அனுப்பியிருந்தாள். உன் உடுப்பாக இருக்கும், ஒருக்கால் முகர்ந்து பார்க்கலாம் என்று திறந்தேன். உள்ளே பஞ்சுக்குள் ஈயப் பொம்மைகள், விரலின் இரண்டு கணு உயரம். சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கையில் துவக்கு. எதிர்ப்பக்கத்துக்கு ஈட்டி பிடித்த எங்கள் ஆட்கள். அடியில் சனம்: கிழவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள்.

அத்தான் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“துவக்கோட இருக்கிற சாமானை வீட்டில வச்சிருக்கேலாது. ஆரும் வந்து கேட்டா என்னெண்டு சொல்லுறது?”

“இஞ்சேருங்கோ, அது விளையாட்டுச் சாமான்.”

“ஆருக்கு விளையாட்டு?”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பெட்டியைப் புதைத்துவிட்டு வந்தார். சண்டைக்காலத்தில் எங்கள் கலியாண அல்பத்தைப் புதைத்தவரும் அவர்தான். நான் மறிக்கவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த ஞாயிறு உன் மகள் வீடியோவில் வந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், சனிக்கிழமைகளில் உன்னோடு விளையாடிய சிநேகிதராம். வெள்ளைக்காரன் எங்கள் வன்னியைப் பிடித்த காலத்துச் சண்டையை நீயே ஒரு மேசையில் ஆக்கி வைத்திருந்தாயாம், பனை, குளம், ஓலை வீடுகளோடு. உன் ஆண்டு நினைவுக்கு அதை ஒருமுறை விளையாட ஆசையாம். பொம்மைகளைத் திருப்பித் தருவீர்களா, அனுமதி தருவீர்களா என்று கேட்டார். எங்களிடம் யாரும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லை. நல்ல மனிதர். அதனால்தான் உடனே மாட்டேன் என்று சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன்.

“செத்த ஆக்களை என்ன செய்யிறவை எண்டு கேள், பிள்ளை” என்றேன்.

அவள் கேட்டுச் சொன்னாள். “தாயக்கட்டை போட்டுப் பாத்து மேசையால எடுத்திடுவினமாம், மாமி. அடுத்த கிழமை திரும்ப வைப்பினமாம்.”

“உன்ர அப்பா எந்தப் பக்கம் நிண்டவர்?”

அவள் கேட்க, அந்த மனிதர் தலை குனிந்தபடி சொன்னார். அவள் அதைத் தமிழில் சொன்னாள். “எப்பவும் சிவப்புச் சட்டைப் பக்கம்தானாம். ஏனெண்டு கேட்டா, மற்றப் பக்கம் எப்பிடியிருக்கும் எண்டு தனக்குத் தெரியும் எண்டு சொல்லுறவராம்.”

அடேய், அந்த ஓலை வீடுகளை நீயே கட்டி நீயே எரித்தாயா? கடைசிச் சண்டையில் நாங்கள் பாயும் பானையுமாகக் கடற்கரை வரை ஓடியபோது நீ அங்கே தொலைபேசியைப் பிடித்தபடி நித்திரையில்லாமல் கிடந்தாய். அந்த ஆற்றாமைதானா இது? ஒருநாளாவது வெல்கிற பக்கம் நிற்க வேண்டும் என்றிருந்ததா? உன்னைக் குற்றம் சொல்லவும் மனமில்லை, சும்மா விடவும் மனமில்லை.

நேற்று அத்தானைக் கெஞ்சிப் பெட்டியைத் தோண்டி எடுப்பித்தேன். பொம்மைகளைக் கழுவி முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைத்தேன். வெள்ளைக்காரன் பிடித்த எந்த நாட்டுச் சண்டைக்கும் கடையில் விற்பது இதே சனம்தானாம், உன் மகள் சொன்னாள். நீதான் ஒவ்வொருத்திக்கும் சேலைக்கரை தீட்டி, ஊசிமுனையால் பொட்டு வைத்திருக்கிறாய். ஒருத்தியின் சேலை கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. அது அம்மாவின் சேலை. அவளையும் மேசையில் வைத்தாயா, தம்பி?

நாளைக்குப் பார்சல் போகும். சிப்பாய்களை அனுப்புகிறேன், துவக்கோடும் கொடியோடும். ஈட்டிக்காரரையும் அனுப்புகிறேன், அவர்கள் சண்டைக்கென்று வந்தவர்கள். உன் சிநேகிதர்கள் விளையாடட்டும், உன்னை நினைக்கட்டும்.

சனத்தை அனுப்பமாட்டேன். அவர்களை என் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். நான் உயிரோடு இருக்கும்வரை இனி அவர்களை யாரும் ஒரு மேசையிலும் வைக்க விடமாட்டேன். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா