கியர் பொக்ஸில் ஒன்றும் இல்லை

டிக்கோயா,
ஆடி மாதம் 3, வியாழக்கிழமை.

அன்பு மகன் கிஷாந்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மழையோடு மழையாக ஏதோ இருக்கிறோம், அங்கே நீயும் உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பிள்ளைகளும் அந்த வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

நாள்தோறும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். லயத்தில் வரிசை வீடுகளுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய், இங்கே ஒருவர் இருமினால் கடைசி வீட்டுக் காம்பராவில் இருந்து சளியா என்று கேட்பார்கள். நான் சொல்லப்போவது அப்படிச் சத்தமாகச் சொல்கிற விஷயம் இல்லை. யோகேஸ்வரன் லீவு முடிந்து சனிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், உறையில் போட்டு ஒட்டி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வேலை முடிந்து சாப்பிட்ட பிறகு படி, வெறும் வயிற்றோடு படிக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய், நாலு மாதமாகக் கியர் பொக்ஸ் போய்க் கிடக்கிற காரை வைத்துக்கொண்டு என்னப்பா செய்கிறீர்கள், பழுதான வாகனம் வாங்குகிற ஒருவரைத் தலவாக்கலையில் பிடித்திருக்கிறேன், வருகிற ஞாயிறு வந்து பார்ப்பார், கொடுத்துவிட்டு ஹட்டன் டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றாய். நானும் சரி சரி என்றேன், பிறகு சிக்னல் இல்லை என்று போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மகனே, அந்தக் கியர் பொக்ஸில் ஒன்றும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நான் பொய் சொன்னேன், உன்னிடம் மட்டும் இல்லை, லயம் முழுவதற்கும் சொன்னேன்.

கோபப்படு, ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் காலில் உணர்ச்சி குறைகிறது, மெயின் ரோட்டு வரைக்கும் ஒன்றரை மைல் நடக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னதால்தான் நீ அந்த வெள்ளைக் காரை வாங்கித் தந்தாய். நானும் ஐம்பத்தெட்டு வயதில் லைசன்ஸ் எடுத்தேன், நான் ரிவர்ஸ் போட்டபோது பரீட்சை எடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கார் வந்த கிழமையே மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு, தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன், அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. பிறகு ஒரு பிரசவம். பிறகு மலையில் குளவி கொட்டி நாலு பொம்பளைகள் ஒரே நேரத்தில். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பிறகு அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க, டிவி திருத்த, ஜாதகம் பார்க்க என்று வந்தார்கள், எனக்கு முடியாது என்று சொல்ல வாய் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. முன்பெல்லாம் யாருக்காவது வருத்தம் கடுமை என்றால் ஆபீசில் போய்ச் சொன்னால் தோட்டத்து லொறி வரும். கார் வந்த மூன்றாம் மாதம் லொறி கேட்கப் போனவர்களிடம், அங்கேதான் ஆண்டியப்பன் கார் நிற்கிறதே என்று கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார். அன்றோடு லொறி நின்றுபோனது. ஆட்டோக்காரர்கள் மழை பெய்தால் எங்கள் ரோட்டுக்கு இறங்க மாட்டார்கள், ஆம்புலன்சும் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அப்புறம் என்ன, நானும் காரும்தான். உன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மாத்தளைக்குப் போகாமல் இருந்தோமே, உடம்பு சரியில்லை என்று சொன்னேன், அது பொய். லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நாள் நெருங்கியிருந்தது, காரை வெளியே எடுத்துப் போகப் பயமாக இருந்தது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா கிளினிக்குக்குச் சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கீழ் லயத்தில் இருந்து ஆறு பேர் வந்தார்கள், கல்யாணச் சேலை எடுக்க நுவரெலியாவுக்குப் போக வேண்டுமாம், நல்ல நேரம் பத்து மணிக்குள் முடிகிறதாம். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் இறங்கி உள்ளே போய்விட்டாள். அப்படி இரண்டாவது மாதமாகக் கிளினிக் தவறியது. எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்தில் மறுநாள் காலை முதலில் வந்து கேட்டவரிடம், கியர் பொக்ஸ் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். பெட்டரி என்று சொன்னால் யாராவது பெட்டரி கொண்டு வருவார்கள், டயர் என்றால் கழற்றிக்கொண்டு ஓடுவார்கள், கியர் பொக்ஸ் என்றால் யாராலும் ஒன்றும் பண்ண முடியாது என்று என் மூளை அந்த நேரத்தில் அப்படி வேலை செய்தது. அதே மூளைக்கு, கார் ஓடாது என்று சொன்னால் அம்மாவையும் அதில் ஏற்ற முடியாது என்பது மட்டும் உறைக்கவில்லை.

அதன் பிறகு நான் பட்ட பாடு கள்ளன் பட மாட்டான். மேலே நீலத் தறப்பாள் போட்டு மூடி வைத்தேன். மூடியே வைத்தால் பெட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று நீதான் வாங்கும்போது சொல்லித் தந்தாய், அதனால் காலையில் எல்லோரும் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு மலை ஏறிய பிறகு, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிறகு, தறப்பாளைத் தூக்காமலே உள்ளே பூந்து ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். சொந்தக் காருக்குள் அப்படி ஒளிந்து உட்கார்ந்தவன் இந்த மலையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா கிளினிக்குக்கு நடந்து போய் பஸ் ஏறினாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வைகாசியில் மழை ஈரத்தில் செருப்பு கடித்து ஒரு புண் வந்தது, உணர்ச்சி இல்லாததால் அவளுக்கே தெரியவில்லை, தெரிந்தபோது முற்றிவிட்டது. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், நான் சொல்லிவிடுகிறேன். இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். போனில் அவள் சின்னப் புண், ஆறிவிட்டது என்று உனக்குச் சொன்னது அதைத்தான். நீ அவள் காலுக்காக வாங்கித் தந்த கார் வாசலில் நின்றது, அவள் விரல் போனது. அந்த நினைப்பு சோறு உண்ணும்போதும் வருகிறது.

இதற்கு மேலும் இருக்கிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை ஜீவராஜ் வந்தான், கடைசிக் காம்பராவில் இருக்கிறானே, ஹட்டனில் கராஜில் வேலை செய்கிறவன். நாளைக்குக் காரை மெயின் ரோட்டுக்கு ஏற்றினால் கராஜ் முதலாளியின் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்துப் போய்த் தானே திருத்தித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பன்னிரண்டு ஆம்பளைகள் வாசலில் நின்றார்கள். நான் ஸ்டேரிங்கில் உட்கார்ந்தேன், கியரை நியூட்ரலில் போட்டேன். மகனே, ஒன்றரை மைல் ஏற்றம், கொட்டுகிற மழை, சாவியை ஒரு திருகு திருகினால் ஏறிவிடும், அதை அவர்கள் கையால் தள்ளினார்கள். வயதான வேலாயுதம் அண்ணனுக்குத் தள்ள முடியாது, அவர் ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார், இவர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் எல்லாம் கார் பின்வாங்காமல் பின் டயருக்கு அண்டை கொடுத்தார். வளைவில் பொம்பளைகள் பிளேன்டீ கொண்டு வந்து தந்தார்கள், எனக்கும் ஜன்னல் வழியாக ஒரு கோப்பை நீட்டினார்கள், வாங்கிக் குடித்தேன். இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது?

கராஜில் மற்றவர்கள் போன பிறகு ஜீவராஜ் காரை ஸ்டார்ட் பண்ணி முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டு வந்து நிறுத்தினான். பானட்டைக் கூடத் திறக்கவில்லை. "மாமா, கியர் பொக்ஸ்ல ஒண்ணும் இல்ல" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "பிள்ளைக் காம்பராவுல பிரேமினி அக்கா மலைக்குப் போறவங்க பிள்ளைகள வச்சிக்கிட்டு பக்கத்துலதானே இருக்காங்க, தெனமும் இஞ்சின் சத்தம் கேக்குதாம். லயத்துல எல்லாருக்கும் தெரியும் மாமா" என்றான். தெரிந்துகொண்டு எதற்கடா அந்த மழையில் தள்ளினீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "நீங்களா எப்புடி மாமா சரியாயிருச்சுன்னு சொல்லுவீங்க? யாராச்சும் திருத்துனாத்தானே சொல்ல முடியும். அத்தை கால இழுத்துக்கிட்டு பஸ்சுக்குப் போறாங்க, பாக்க முடியல."

அன்று நான் அழுதேன், ஒளிக்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டு வந்தேன், எல்லோரும் ஒரு சிரிப்பும் இல்லாமல் திருத்தியாச்சா என்று கேட்டார்கள், திருத்தியாச்சு என்றேன், உனக்கு மட்டும் அதைக் கூடச் சொல்லவில்லை. அந்த நாளில் இருந்து ஒருவர் கூடக் காரைக் கேட்டு வரவில்லை. நான் கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டது. வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று. காரைப் பற்றிய பேச்சு வந்தாலே எல்லோரும் வேறு கதைக்குப் போய்விடுகிறார்கள், நானாக எப்படித் தொடங்குவது?

போன புதன்கிழமை காலை நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். வேலாயுதம் அண்ணனுக்கு நெஞ்சடைப்பு. நாலு பேர் கம்பளியில் வைத்து நாலு மூலையும் பிடித்துக்கொண்டு நம் வாசலோடு, காரோடு உரசுகிற மாதிரிப் போகிறார்கள், ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. உன்னைப் பெறுகிற நேரம் அம்மாவை இதே மாதிரிக் கம்பளியில் தூக்கிப் போனபோது முன் மூலையைப் பிடித்தவர் அந்த வேலாயுதம் அண்ணன்தான். நான் சவர்க்கார முகத்தோடு ஓடி நில்லுங்கடா என்று கத்தினேன். "இருக்கட்டுங்க அண்ணே, அக்காவுக்கு வேணும்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள். கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை, மரியாதையாகச் சொன்னார்கள். காரை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே முதல் கியரில் போகிறேன், ரோடு ஒடுக்கம், முந்தவும் முடியாது, ஹோர்ன் அடிக்கவும் மனம் வராது. அம்மா கட்டுப் போட்ட காலோடு கொழுந்து மலைக் குறுக்குப் படியால் ஏறி அவர்களுக்கு முன்னால் போய் ரோட்டை மறித்து நின்றுவிட்டாள். "ஏத்துங்கடா" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் ஏற்றினார்கள். வேலாயுதம் அண்ணன் அந்த மூச்சுத் திணறலிலும், சீட்டெல்லாம் மண்ணாகுது ஆண்டி என்றார். ஆள் தப்பிவிட்டார், இன்னும் வார்டில்தான் இருக்கிறார், நேற்றும் போய்ப் பார்த்தேன். அம்மாவின் காலில் கட்டு நனைந்து மறுபடியும் இரத்தம், அதையும் அன்றே காட்டிக் கட்டிக்கொண்டு வந்தோம்.

இப்போது நீ சொல்கிற ஹட்டன் வீடு. அம்மாவுக்கு அதில் ஆசை இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை, வீட்டுக்குள்ளேயே பைப் இருக்குமாம் என்று இரண்டு தரம் சொன்னாள். அவள் காலுக்கும் அதுதான் நல்லது. அங்கே போனால் அவள் நடக்க வேண்டியதில்லை, இங்கே கம்பளி போகும். காரை வைத்திருந்தால் நான் இந்த லயத்தை விட்டு நகர முடியாது, விற்றால் அவர்கள் முகத்தில் முழிக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது, நாலு நாளாக யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தத் தலவாக்கலைக்காரருக்குப் போன் எடுத்து, வர வேண்டாம், கார் விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. உன் உழைப்பில் வாங்கிய கார், உன்னைக் கேட்காமல் செய்தது தப்புத்தான், தெரிந்துதான் செய்தேன். இந்த அறுபது வருஷத்தில் நான் முடியாது என்று சொன்ன முதல் ஆள் நீதான் மகனே.

நீயும் கூட்டாளிகளும் அங்கே பாவித்த கார் ஒன்று எடுக்கப்போவதாகச் சொன்னாய். காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே போய்ப் பார், விற்கிறவன் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறான். கார்ப் புத்தகம் அவன் பெயரில் இல்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. நாலு பேர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் யாருக்கு எந்த நாள் என்று வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள், பிறகு பேச வராது. வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே.

முருகன் உன்னை நல்லபடி வைத்திருப்பார், பெற்றவர்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வாங்க வருகிறவரை வேண்டாம் என்றதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வீடு கூட்டி, காருக்குள் இருந்த மண்ணையும் கழுவி வைத்திருக்கிறாள். நானே சொல்கிறேன், நீ போனில் முந்திக்கொள்ளாதே.

உன் அன்பு அப்பா,
ஆண்டியப்பன்