பட்டன் தைத்த சட்டை

கண்ணா,

நீ கேட்ட நீலச் சட்டையை அனுப்ப முடியாது. அது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை நீ, அன்னைக்கு வந்ததும் வராததுமா சட்டையை ஊறவெச்சே. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். இருபது வருஷமா லாண்டரியில ஊரார் கறையை எடுக்கிற கை, சும்மா இருக்குமா? காலர்ல இருந்த ரத்தத்தைப் பச்சைத் தண்ணியில அலசி எடுத்தேன். பட்டன் பிய்ஞ்சுபோன இடத்துல வேற ஒண்ணு தைச்சேன். அயர்ன் பண்ணி மடிச்சும் வெச்சேன்.

மறுநாள் மேல்வீட்டு அக்கா வந்து நின்னாங்க. வேண்டாம் வேண்டாம்னு அவங்க பொண்ணு கெஞ்சியும் நீ விடலைன்னாங்க. "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அவங்க உள்ளங்கையை விரிச்சாங்க. அந்தப் பட்டன் இருந்துச்சு. விடுபடப் போராடினப்போ அவ பிய்ச்செடுத்தது.

உங்கப்பா என்கூடப் பேசறதில்லை. பெத்தவளே காட்டிக் கொடுத்துட்டாளாம். பேசாமலே இருக்கட்டும். கோர்ட்டுல கேட்டா, துவைச்சதையும் சொல்வேன், தைச்சதையும் சொல்வேன்.

அந்தப் பொண்ணு இப்போ மாடிப்படி இறங்கறதே இல்லை. நம்ம வாசலைத் தாண்டணுமே.

ஞாயித்துக்கிழமை பார்க்க வரேன். எத்தனை வருஷமானாலும் வருவேன், நீ என் பிள்ளை. ஆனா "தெரியாம நடந்துடுச்சும்மா"ன்னு மட்டும் இனிமே எழுதாதே. தெரியாமச் செஞ்சவன் சட்டையை ஊறவெக்க மாட்டான்.

துவைக்கக் கூடாததைத் துவைச்ச,
உன் அம்மா