மணிக்கட்டில் நீல மீன்

ஜார்ஜ் டவுன்,
செவ்வாய்க்கிழமை, 1993

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலை உன் கச்சேரிக்கு வந்திருந்தேன். ஜுருவில் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, சமூக மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதிய பாட்டுகளுக்குக் குழந்தைகளும் கிழவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டில் கிட்டார் கொஞ்சம் சுருதி விலகியது.

போன வருடம் அந்தக் கிட்டாரைப் பற்றி நான் வாசலில் நின்று சொன்ன கடுஞ்சொல்லை இங்கே எழுத வரவில்லை.

மண்டப வாசலில் டிக்கெட் கிழித்த பெண், "அங்கிள், கைய காட்டுங்க லா," என்று என் வலது மணிக்கட்டில் நீல மீன் ஒன்றை முத்திரை குத்திவிட்டாள். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வீட்டில் சோறு பிசையும் கையை எப்படி மறைப்பது?

அம்மா பார்த்துவிட்டாள். "ஜுருவுல ஃபிரண்டு வீட்டுக்குப் போனாலும் கையில சாப்பு குத்துறாங்களா?" என்றாள்.

குழம்பு ஊற்ற வந்தவள் வளையல்களை மேலே தள்ளிவிட்டாள். கோயிலுக்குப் போய் வந்ததாகச் சொன்னவளின் மணிக்கட்டிலும் அதே மீன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம்.

"அடுத்த தடவ ஒரே காடியில ஏறிப் போவோம்," என்றாள்.

அடுத்த கச்சேரியின் தேதியை எழுது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் வேண்டும்.

அப்பா