கழுவாத பில்டர்

8 பிப்ரவரி 1943, திங்கள்

காலையில் மூக்கைச் சிந்தினேன். கறுப்பு. துப்பினேன். அதுவும் கறுப்பு. லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து இன்றோடு நாற்பத்திரண்டு நாள். ஸ்டியரிங்கைத் தொட்டது ஆறு தடவை. அதில் நாலு தடவை துடைப்பதற்காக.

நேற்று ஊருக்கு, வெண்ணந்தூருக்குப் போயிருந்தபோது தங்கச்சி வசந்தாமணி கேட்டாள்: "ஏண்ணா, கரியில எப்பிடி லாரி ஓடும்?" பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போயிருச்சு, அதனால் இப்படித்தான் என்று விளக்கினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உலை. அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்ற வேண்டும். அரை மணி சுற்றினால் கேஸ் பிடிக்கும். அந்தக் கேஸ் பில்டர் வழியாக எஞ்சினுக்குப் போகும். பில்டர் என்றால் நார் அடைத்த தகர டப்பா. தூசியும் தாரும் அந்த நாரில்தான் தங்கும். தினமும் அதைக் கழற்றி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இழுக்காது.

"அத யாரு கழுவறது?" என்றாள்.

என் நகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

11 பிப்ரவரி

தம்மம்பட்டிக்குக் கருவாடு. திரும்பும்போது பச்சைத் தோல். இரண்டுக்கும் நடுவில் நான் சோறு தின்ன வேண்டுமாம்.

17 பிப்ரவரி

டிரைவர் சுப்பையன் ஓயாமல் வெற்றிலை போடுவார். ஓடும் வண்டியில் வலப்பக்கம் துப்புவார். காற்று அதை வாங்கி, லோடு மேல் உட்கார்ந்திருக்கும் என் மூஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். "ஏனுங்க, கொஞ்சம் பாத்துத் துப்புங்க" என்றேன் ஒரு நாள். "மேல என்ன கலெக்டரா உக்காந்திருக்கான்?" என்றார்.

அந்த ஆள்தான் இன்று ராசிபுரம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, "வாடா, புடி" என்றார். ஸ்டியரிங் முழுக்கச் சுண்ணாம்புப் பிசுக்கு. சட்டையில் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஆனால் ஓட்டினேன்! மூன்று மைல், நாமகிரிப்பேட்டை எல்லை வரைக்கும்! கியர் மாற்றும்போதெல்லாம் பல்லும் பல்லும் கடித்துக் கத்தியது. "அது உன்ர பல்லுன்னு நெனச்சுக்க, அப்பறம் மெதுவா மாத்துவ" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரத்தோடு படிப்பை விட்டு எழுந்து வந்தவன் நான். எந்த வாத்தியார் சொன்னதும் மண்டையில் ஏறியதில்லை. இது ஏறுகிறது. ஏன்?

22 பிப்ரவரி

ராசிபுரம் லாரி ஸ்டேண்டில் கரி ஏற்றினோம். எங்களுக்குக் கரி கொண்டுவருபவள் சின்னாயி. நாற்பது வயசு இருக்கும். ஊர் மெட்டாலா. கணவாய்க்கு அந்தப்பக்க அடிவாரத்தில் குழி வெட்டிக் கரி சுடுகிறாள். மாட்டுவண்டியில் கரி வரும். காலிச் சாக்குகளோடு எங்கள் லோடு மேல் ஏறி ஊர் திரும்புவாள்.

இரண்டு கரித்துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினாள். வெண்கலம்போல் சத்தம். "ஈரமிருந்தா இந்தச் சத்தம் வருமுங்களா? கேட்டுக்குங்க சாமி."

"பாட்டுக் கச்சேரி போதும், மூட்டைய எறக்கு" என்றார் சுப்பையன்.

"உங்க லாரி இருமற இருமலுக்கு என்ர கரிதானுங்க மருந்து" என்றாள். ஸ்டேண்டே சிரித்தது. அவர் மட்டும் துப்பினார்.

1 மார்ச்

முதலாளி மருதாசலம் கூப்பிட்டார். இன்னொரு லாரி டிரைவர் இல்லாமல் ஷெட்டில் கிடக்கிறது. ஓட்டினவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். "இருபத்தி நாலாந் தேதி சேலத்துல டெஸ்ட்டு. என்ர வண்டியவே எடுத்துட்டுப் போ. தேறிட்டீன்னா ஷெட்டுல கெடக்கறது உனக்கு."

எனக்கு! இந்த நாற்றத்துக்கெல்லாம் இன்னும் இருபத்திமூன்று நாள்தான்.

6 மார்ச், சனி

சாயங்காலம் வசந்தாமணியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன்காரன் நான் கருவாடு நாறிக்கொண்டு நிற்பதா? மூன்று மணிக்கு ஸ்டேண்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஒரு கையில் பில்டர் நார், மறு கையில் சீயக்காய்ப் பொட்டலம். இருந்தது ஒரு மணி நேரம். நாரைப் பார்த்தேன். அழுகின குடல்போல் கிடந்தது. தொடவே கை கூசியது.

தலைக்குத் தேய்த்துக் குளித்தேன். நாரை அப்படியே டப்பாவில் திணித்து மூடினேன்.

"கழுவியாச்சா?" என்றார் சுப்பையன்.

"ஆச்சுங்க" என்றேன்.

ஒரு நாள்தானே.

7 மார்ச்

எழுதித்தான் ஆகவேண்டும்.

தம்மம்பட்டிக்குக் கருவாட்டு லோடு. சின்னாயி மேலே சாக்குகளோடு. மெட்டாலா மேட்டில் பாதி ஏறியதும் வண்டி இருமியது. சுப்பையன் முதல் கியருக்கு வந்தார். இழுக்கவில்லை. எஞ்சின் அணைந்தது. வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. "கட்டை! கட்டைடா!" என்று கத்தினார். குதித்தேன். மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் எறிந்தேன். சக்கரம் கட்டையில் இடித்து நின்றது, ஒரே குலுக்கு. மேலிருந்து சின்னாயி விழுந்தாள். சாக்குபோல் விழவில்லை. ஆள்போல் விழுந்தாள். சத்தம் வந்தது. காலிலிருந்து வந்தது.

முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது. நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

வாந்தி எடுத்துவிட்டு என்ன செய்தேன்? அவளிடம் போனேனா? இல்லை. சுப்பையன் அவளைத் தூக்கி நிழலில் போட்டுக்கொண்டிருந்தபோது பில்டரைத் திறந்தேன். நாரைப் பிடுங்கி ஓடையில் அலசினேன், மூன்று தண்ணீர். ஒட்டப் பிழிந்து அடைத்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. சுப்பையன் திரும்பி வந்து, உலையில் இருந்த கரியை வாரிக் கொட்டிவிட்டு, ஸ்டேண்டில் வேறு ஆளிடம் வாங்கி வைத்திருந்த மூட்டையைப் பிரித்துப் போட்டார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா? கரி மாத்துனதும் எப்பிடி இழுக்குது! எடை நிக்கட்டும்னு தண்ணி தெளிச்சு வித்திருக்கா."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

9 மார்ச்

அன்றே மேடேறி வண்டியைத் திருப்பி, சின்னாயியை நாமகிரிப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். எலும்பு கட்டுகிற வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார். மூன்று மாதம் நடக்கக் கூடாதாம்.

12 மார்ச்

ஸ்டேண்டில் ஒவ்வொரு டிரைவரிடமும் சுப்பையன் சொல்லியாயிற்று. "ஈரக்கரிக்காரி." மாட்டுவண்டிக்காரன்கூட அவள் மூட்டையை ஏற்ற மறுக்கிறானாம். சுட்டு வைத்த கரி அப்படியே கிடக்கிறதாம். எல்லோரும் என் எதிரிலேயே பேசுகிறார்கள். நான் விசிறி சுற்றுகிறேன். நல்லாச் சுத்தறேன்.

15 மார்ச்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தனியாக, ஷெட்டில். வேலையை விட்டுத் துரத்துவார், அடிப்பார் என்று நினைத்துப் போனேன்.

பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "சரி. இனிமே கழுவு."

"அந்தம்மா மேல பழி வந்திருச்சுங்க."

"கரிக்காரிதானேடா. இவ போனா இன்னொருத்தி வருவா. டிரைவருக்கு எங்க போறது நானு? வாய மூடிட்டு டெஸ்ட்டுக்குப் போ." அப்புறம் குச்சியைக் கீழே போட்டார். "வெளிய மூச்சு உட்டியோ, என்ர வண்டியில நீ கால் வெக்கக் கூடாது. பில்டர் கழுவாத வண்டின்னு பேரு வந்தா எவன்டா எனக்கு லோடு குடுப்பான்?"

என்னைத் தட்டிக்கொடுத்தார். முதுகில். அந்தக் கை இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

தூ. யாரைத் துப்பறது? அவரையா?

16 மார்ச்

இன்று ஐந்து மைல் ஓட்டினேன். கியர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

18 மார்ச்

மெட்டாலாவுக்குப் போனேன். குடிசைக்குள் கால் வைத்ததும் நாற்றம். கட்டுக்குப் போட்ட முட்டை வெள்ளை கெட்டுப்போயிருந்தது, ஈ மொய்க்கிறது. நான் மூக்கைப் பொத்தினேன்.

"கொமட்டுதா? எனக்குந்தான் கொமட்டுது. அதுக்குன்னு கழட்டி வெளிய வெக்க முடியுமா?" என்றாள். சாமி என்று சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீயக்காய், நார், ஓடை, எல்லாம். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். ஈயை ஓட்டினாள்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? சுட்டவ நானு. ஈரமில்லைன்னு எனக்குத் தெரியாதா?"

நான் கிளம்பத் திரும்பினேன்.

"தெரியாதவங்க ராசிபுரத்துல இருக்கறாங்க. அங்க போயிச் சொல்லு. அத்தன பேரு முன்னால. முடியாதுன்னா இங்க வராத."

19 மார்ச்

சொன்னால் டெஸ்ட் இல்லை. லாரி இல்லை. ஒரு பயலும் என்னைக் கிளீனராகக்கூட வைத்துக்கொள்ள மாட்டான்.

சொல்லாவிட்டால்? ஐந்தே நாள். அப்புறம் நான் டிரைவர். மெட்டாலா மேட்டில் வாரம் இரண்டு தடவை ஏற வேண்டும். அந்தக் குடிசை ரோட்டிலிருந்து தெரியும்.

20 மார்ச்

இன்று சொல்லவில்லை.

22 மார்ச், திங்கள்

சொல்லிட்டேன்.

ஸ்டேண்டில் டீக்கடை முன்னால் ஏழெட்டு டிரைவர்கள். சுப்பையன் நடுவில். "சின்னாயி கரி ஈரமில்லைங்க. நாந்தான் பில்டர் கழுவுல. கழுவுனேன்னு பொய் சொன்னேன். வண்டி நின்னதும் ஓடையில அலசி வெச்சுட்டேன்." பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னேன். குரல் வேறு கீச்சென்று வந்து தொலைத்தது.

ஒருத்தன் சிரித்தான். "ஏனப்பா, குளிக்கப் போயா ஒரு பொம்பள கால ஒடச்ச?"

சுப்பையன் எழுந்து வந்தார். இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. காது ரீங்காரம் போட்டது. "தண்ணி தெளிச்சு விக்கறான்னு பத்து பேருகிட்டச் சொன்னேண்டா. இந்த வாயால. நாயே, இந்த வாயால!"

கிணற்றடிக்குப் போனார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொப்பளித்தார், கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

நான் கிளம்பும் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

24 மார்ச்

இன்று டெஸ்ட். வீட்டில் படுத்திருந்தேன். என் சோற்றுச் சட்டியையும் துணியையும் முதலாளி ஆள்விட்டு அனுப்பிவிட்டார். சட்டிக்குள் கரி.

2 ஏப்ரல்

ஸ்டேண்டில் அவள் கரியை வாங்கத் தயார் என்கிறார்கள். ஆனால் கொண்டுவர வண்டி இல்லை. பழைய வண்டிக்காரன் வேறு இடம் போய்விட்டான். எங்கள் மாட்டுவண்டியைக் கேட்டேன்.

அப்பன் தலையிலடித்துக்கொண்டார். "லாரி ஓட்டப் போறேன்னு போனவன் கரிவண்டி ஓட்டறானா? பொண்ணு கேட்டு வந்தவங்க கேட்டா என்னன்னுடா சொல்றது?"

"நடந்ததச் சொல்லுங்க" என்றேன்.

கையை ஓங்கினார். வசந்தாமணி உள்ளேயிருந்து, "குடுங்கப்பா. வண்டி சும்மாதானே நிக்குது" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற பயம் அவளுக்குத்தானே முதலில் இருக்க வேண்டும்?

11 ஏப்ரல்

மெட்டாலாவிலிருந்து ராசிபுரம் லாரியில் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. மாட்டுவண்டியில் ஒரு பகல் முழுக்க. முதுகு விட்டுப்போகிறது. மூக்கைச் சிந்தினால் இன்னும் கறுப்புதான். லாரிகள் கடந்து போகும்போது, "ஏய் சீயக்கா!" என்று கத்துகிறார்கள். அதுதான் இப்போது என் பேர்.

சுப்பையனுடைய வண்டியும் கடந்து போனது. அவர் கத்தவில்லை. அதற்கு அவர் கத்தியிருக்கலாம்.

3 மே

கட்டு மாற்றினார்கள். நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன். தோல் வெளுத்து, உரிந்து, புளித்த மாவு மணம். இந்தத் தடவை மூக்கைப் பொத்தவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டேன். "மூச்சு உடு, செத்துப் போயிருவ" என்றாங்க சின்னாயி.

29 மே

கைலாசம் என்று நாமக்கல் லாரி முதலாளி ஒருவர் ஸ்டேண்டில் கூப்பிட்டார். "சீயக்கா நீதானா? ஓட்டத் தெரியுமாமே. சுப்பையன் சொன்னான்."

சுப்பையனா?

"நீ எடுத்து வெச்சிருக்கற பேருக்கு எவனும் உன்ன எடுக்க மாட்டான். எனக்கு ஆளில்ல, வேற வழியில்ல. பதினொண்ணாந் தேதி டெஸ்ட்டு. வண்டி நான் தாரேன்."

"சொல்றேனுங்க" என்றேன். கரியை யார் கொண்டுவருவது? சின்னாயியிடம் இதைச் சொல்லவில்லை.

7 ஜூன்

யாரோ அவங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "எதுக்கு இங்கயே நிக்கற? உன்னைப் பாத்துட்டு உக்காந்திருந்தா என்ர காலு கூடிருமா?" என்றாங்க. கோபமா, கேலியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

9 ஜூன், புதன்

விடியற்காலை பன்னிரண்டு மூட்டை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால் சின்னாயி ஊன்றி நடக்கிற கம்பு குடிசைச் சுவரில் சாத்தியிருக்கிறது. அவங்க வண்டியருகில் நிற்கிறாங்க. சக்கரத்தைப் பிடித்து, ஆரக்காலில் கால் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாங்க. நான் கை கொடுத்தேன். வாங்கவில்லை. முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தாங்க.

"பின்னால போயி மூட்ட மேல உக்காரு."

"வண்டி மேட்டுல சாயுமுங்க. நான் ஓட்டறேன்."

"நீதான் நாளனைக்கு லாரி ஓட்டப் போறியே. உக்காருடா சாமி."

மாடு நகர்ந்தது. கணவாய் மேட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் மூட்டை ஆடியது. இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். ராசிபுரம் போய்ச் சேரும் வரைக்கும் விடவில்லை.