மைதானத்து மெசினும் என் மூக்கும்

06.02.2025, வியாழன்

இன்று விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் வாயைத் திறந்துவிட்டேன். மூன்று வருடமாகக் கடைசிக் கதிரையில் இருந்து கூட்ட அறிக்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

பெண்கள் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி 23ஆம் திகதி எங்கள் மைதானத்தில். மாரி மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. கனடாவிலிருந்து ஊர்க்காரர் அனுப்பிய புல்லு வெட்டும் மெசின், ஆள் ஏறி இருந்து ஓட்டுவது, கழக அறையில் தறப்பாளின் கீழ் கிடக்கிறது. அதை ஓட்டிவந்த றஜித் கழகத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு போன ஜூனில் கட்டாருக்குப் போய்விட்டான். பிறகு ஒருவரும் தொடவில்லை.

"நிரஞ்சன்ர டிராக்டரை விட்டு ஒரு இழுவை இழுத்தால் அரைநாள் வேலை" என்றார் தலைவர் சிவராசா அண்ணை.

இரண்டு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான் இழுத்தார்கள். புல்லோடு மண்ணும் கிளம்பி, கீழே புதைந்து கிடந்த தகரமும் முட்கம்பியும் மேலே வந்தன. பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க முழங்காலில் பிளாஸ்ரரோடு விளையாடினார்கள். அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன்: "மெசினை நான் எடுக்கிறன்."

நிரஞ்சன் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, அது புத்தகம் இல்லை, புரட்டிப் பாக்கிறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

சிவராசா அண்ணை மெசினின் திறப்பைத் தந்தார். "பதினாறாம் திகதி வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள ஸ்டார்ட் ஆகேல்லையெண்டால் டிராக்டர்தான், ஆன்சலா."

07.02, வெள்ளி

நூலகம் பூட்டியதும் நேரே கழகத்துக்குப் போனேன். திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. பற்றரி செத்துவிட்டது.

எண்ணெய்த் தாங்கியும் காலி. கடைசிச் சொட்டு வரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் றஜித்! வீட்டுக்கு வந்து அப்பாவின் பெற்றோல் கலனைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து லீற்றர் விட்டேன். அப்பாவின் படகு எஞ்சின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று வைத்திருக்கும் கலன் அது. அப்பா கடலுக்குப் போயிருந்தார், கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? இன்னாசித்தம்பியின் மகளுக்கு எஞ்சினுக்கு எண்ணெய் விடத் தெரியாதா?

08.02, சனி

பற்றரியை சைக்கிள் கரியரில் கட்டி ரவுணுக்குக் கொண்டுபோனேன். என்னோடு நூலகத்தில் வேலை செய்யும் ஷிஹானாவின் வாப்பா நவ்பர், பற்றரிக் கடை வைத்திருக்கிறார். சார்ஜ் ஏறும் என்றார். அதுவே பெரிய ஆறுதல்.

09.02, ஞாயிறு

பூசை முடிந்து பற்றரியைப் பூட்டினேன். திறப்பைத் திருப்பினால் மறுபடியும் மௌனம். வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள் ஆளுக்கொரு தரம் பக்கத்தில் நின்று திருப்பினார்கள். ஒருவர் பற்றரியில் தட்டினார். ஒருவர் சக்கரத்தை உதைத்தார். நிரஞ்சன் டிராக்டரின் பெருமைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு இருக்கையின் கீழ் இருந்த இலக்கத்தைப் போனில் தேடி, அதன் கையேட்டை எடுத்தேன். எண்பத்து நான்கு பக்கம், ஆங்கிலம். பதினேழாம் பக்கத்தில் இருந்தது: ஆள் ஏறி இருந்து பிறேக்கை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும்.

படகு எஞ்சினையும் கை உழவு மெசினையும் பக்கத்தில் நின்று உயிர்ப்பித்துப் பழகிய ஊர் இது. ஒருவருக்கும் ஏறி இருந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஏறி இருந்தேன். மிதித்தேன். திருப்பினேன். சுற்றியது! பற்றவில்லை. ஆனாலும் சுற்றியது. புரட்டிப் பார்க்கிறதுக்குப் புத்தகம் நல்லதுதான், நிரஞ்சன் அண்ணை.

11.02, செவ்வாய்

சுற்றுகிறது, சுற்றுகிறது, பற்றுவதாக இல்லை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்போடு முட்டவைத்துச் சுற்றினேன். நீலப் பொறி வருகிறது. காற்று வடிகட்டியைத் தட்டித் துடைத்தேன். திரும்பத் திரும்பச் சுற்றி பற்றரி இறங்கிவிட்டது.

கழகத்தின் வட்சப் குழுவில் நிரஞ்சனின் குரல்: "றஜித் வேணுமெண்டு ஏதோ செய்துபோட்டுத்தான் போயிருக்கிறான். பெட்டைக்கு என்ன தெரியும் பாவம்." கீழே ஒன்பது பேர் பெருவிரல் போட்டிருக்கிறார்கள். றஜித் எப்போதோ குழுவிலிருந்து விலகிவிட்டான். ஆனால் அவனுடைய தாய் புனிதமலர் மாமி இருக்கிறார். இன்று செபமாலைக்கு வரவில்லை.

நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் 'பெட்டை'யும் 'பாவ'மும்தான் எனக்குச் சுட்டது. றஜித்தைப் பற்றிச் சொன்னது சுடவில்லை. அவனிடம் வட்சப்பில் கேட்கலாம், கேட்டால் சொல்லுவான். ஆனால் கேட்க மாட்டேன். ரோசம்.

12.02, புதன்

கையேடு, அறுபத்தோராம் பக்கம்: நீண்ட நாள் நிறுத்திவைப்பதற்கு முன் தாங்கியிலுள்ள பெற்றோலை முழுதாக இறக்கிவிடவும்.

அவன் களவெடுக்கவில்லை. ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

13.02, வியாழன்

சார்ஜ் ஏற்றிய பற்றரியை ஷிஹானா ஸ்கூட்டியில் கொண்டுவந்தாள். கழக அறைக்குள் காலை வைத்ததும் மூக்கைப் பொத்தினாள்.

"ஏன்டி இதுக்கு மண்ணெண்ணெய் விட்டிருக்கிறாய்?"

"விசரா உனக்கு? பெற்றோல்."

"மணக்குதடி! அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு."

எனக்கு ஒரு மணமும் வரவில்லை. தாங்கிக்குள் மூக்கை நுழைத்தும் வரவில்லை. அவள் ஸ்கூட்டியிலிருந்து ஒரு துளி பெற்றோல் எடுத்தோம். இந்தக் கொப்பியின் கடைசித் தாளில் அதையும், மெசின் தாங்கியிலிருந்து ஒரு துளியையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டோம். ஸ்கூட்டித் துளி இரண்டு நிமிடத்தில் காய்ந்து போனது. மற்றது வட்டமாக ஊறி, கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

அப்பாவிடம் கேட்டேன். "அதுக்குள்ள அரைவாசிக்கு மேல மண்ணெண்ணெய் எல்லோ" என்றார், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "தட்டுப்பாட்டு நேரம் கலக்கிப் பழகினது. என்ர எஞ்சினுக்கு அது காணும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே, பிள்ளை."

எங்கள் வீட்டில் வலை, அப்பாவின் சேர்ட், குசினி, என் தலையணை எல்லாவற்றிலும் அந்த மணம்தான். பிறந்த நாளிலிருந்து மணந்துகொண்டிருப்பதை மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்?

14.02, வெள்ளி

மெசினுக்கு ஒரு பழுதும் இல்லை. பழுதாக்கியது நான்.

15.02, சனி

காலை ஆறரைக்குத் தொடங்கினேன். குழாயைக் கழற்றித் தாங்கியை வடித்தேன். காபரேற்றரின் அடிக்கிண்ணத்தை ஒரே ஒரு போல்ற்றுத்தான் பிடித்திருக்கிறது. எந்த வயர் எங்கே என்று படம் எடுத்துவைத்துவிட்டுக் கழற்றிக் கழுவினேன். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கும் என்பதால் ஒயிலை மாற்றினேன். புது பெற்றோல் வடிகட்டி, புது பிளக். பிறகு நிரப்பு நிலையத்திலிருந்து நானே வாங்கிவந்த பெற்றோல்.

ஏறி, மிதித்து, திருப்பினேன்.

முதலில் ஒரு இருமல். ஒரு குடம் வெள்ளைப் புகை. பிறகு பிடித்துக்கொண்டது. அறைச் சுவரெல்லாம் அதிர்ந்தது. நான் இறங்கவேயில்லை. கையெல்லாம் கரி, முகத்திலும் இருந்திருக்கும். வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் ஒருநாளும் இருந்ததில்லை என்று தோன்றியது. யாரும் பார்க்காததால் கொஞ்ச நேரம் அதை நம்பினேன்.

சிவராசா அண்ணைக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குழுவில் அவருடைய பதிவு: "றஜித் கெடுத்துவிட்டுப் போனதை ஆன்சலா திருத்திவிட்டார். வாழ்த்துகள்!" பூக்கள், கைதட்டல், நிரஞ்சனிடமிருந்து கூட ஒரு பெருவிரல்.

அதை நான் நாலு தரம் வாசித்தேன். "ஆன்சலா திருத்திவிட்டார்" என்ற இரண்டு சொல்லை மட்டும். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இங்கேயும் பொய் எழுதினால் பிறகு எங்கே உண்மை எழுதுவது?

16.02, ஞாயிறு

கூட்டம். கைதட்டினார்கள். எழும்பினேன்.

"மெசினை ஆரும் கெடுக்கேல்லை. றஜித் தாங்கியை வடிச்சு ஒழுங்காத்தான் வச்சிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக் கலவையைக் கொண்டுவந்து விட்டது நான்."

நிரஞ்சன் சொன்னார்: "அப்ப பழுதாக்கினதும் நீ, திருத்தினதும் நீ. எங்களுக்கு என்னத்துக்குக் கழகம்?"

கூரை பறக்கச் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். சிவராசா அண்ணை அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"வெட்டி முடிச்சிட்டு வையும்."

கூட்டம் முடிய புனிதமலர் மாமி வீட்டுக்குப் போனேன். அவர் குசினி வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிராமலே சொன்னார்: "என்ர பிள்ளையைக் குழுவில வச்சுத்தானே சொன்னவை. நீயும் குழுவில சொல்லு. என்ர குசினி வாசலில சொல்லாத."

அவர் வாசலில் நின்றபடியே எழுதி அனுப்பினேன். ஒரு பெருவிரலும் வரவில்லை. மாமி தேத்தண்ணி தந்தார்.

19.02, புதன்

மூன்று நாளாக விடியக்காலையிலும் பின்னேரமும் வெட்டுகிறேன். முதலில் கத்தியை உயர்த்தி ஒரு தரம், பிறகு இறக்கி ஒரு தரம். அவசரப்பட்டால் ஈரப் புல் அடியில் அடைத்துவிடும். முதல் நாள் கோடு நண்டு போன பாதைபோல இருந்தது. இன்று கோல் கம்பத்திலிருந்து கோல் கம்பம் வரை நேராக.

அம்மா சொல்கிறா, என்னில் புல் மணக்கிறதாம்.

22.02, சனி

முடிந்தது. நடுக்கோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். காலில் ஒன்றும் குத்தவில்லை.

திறப்பைக் கொடுக்கப் போனேன். "ஆரிட்டக் குடுக்கச் சொல்லுறீர்? நீரே வச்சிரும்" என்றார் சிவராசா அண்ணை.

23.02, ஞாயிறு

உடையார்கட்டுப் பிள்ளைகளிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றுப்போனோம். ஒரு முழங்காலிலும் இரத்தம் இல்லை.

பரிசு கொடுக்கும்போது அறிவிப்பாளர் நன்றி சொன்னார். பங்குத்தந்தைக்கு, கனடா அன்பர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு, சோடா தந்தவருக்கு. முடித்துக்கொண்டு ஒலிவாங்கியை இறக்கினார். பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து புனிதமலர் மாமி எழும்பினார்.

"தம்பி! புல்லு வெட்டினவளின்ர பேரை ஆர் சொல்லுறது, உன்ர கொப்பரோ?"

மைதானமே சிரித்தது. அறிவிப்பாளர் தடுமாறி, என் முழுப் பெயரையும் சொன்னார். தகப்பன் பெயர், ஊர், எல்லாம். ஒலிபெருக்கியில் அது கடற்கரை வரை கேட்டிருக்கும். நான் வழமையாக இப்படியான நேரத்தில் குனிந்து செருப்புவாரைச் சரிசெய்கிறவள்.

இன்று எழும்பி நின்றேன்.