நோய்க் கட்டத்தில் அப்பா எழுதிய வரி

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு ஸ்பீக்கர்ல போடு என்கிறார், அப்புறம் எதைச் சொல்ல?

எல்லாம் நீ எடுக்கச் சொன்ன டாப்-அப் காப்பீட்டால் வந்த வினை. அதைப் புரிந்துகொள்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. காப்பீட்டுக்காரம்மா இரண்டு நாள் வந்து சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பி விளக்கினாள். அப்பாவின் பழைய ஆபீஸ் காப்பீடு ஒரு தொகையோடு கையை விரித்துவிடுமாம், ஆஸ்பத்திரி பில் அதைத் தாண்டினால்தான் இது கொடுக்க ஆரம்பிக்குமாம், சின்னச் செலவுக்கெல்லாம் இதில் ஒன்றும் பெயராது. நான் திருதிருவென்று முழிக்கிறேன், இவர் மட்டும் ஒரு லிஃப்ட் நாலாவது மாடியோட நின்னுடும், மேல போக வேற லிஃப்ட், அவ்வளவுதானேம்மா என்று கேட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டார். அறை வாடகைக்கு வரம்பு, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இரண்டு வருஷம் காத்திருப்பு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நோயை மறைத்தால் பிறகு மொத்தமாக மறுத்துவிடுவார்கள் என்று அவள் மூன்று தரம் சொன்னதும் அதே மேஜையில்தான்.

உனக்குக் கண்ணாடி சரியில்ல, நானே நிரப்பறேன் என்று ஃபாரத்தை வாங்கிக்கொண்டு போனார். பத்திரம் தபாலில் வந்து எட்டு நாள் கழித்துத்தான் பிரித்தேன், பின்னால் ஃபாரத்தின் நகல். தற்போதுள்ள நோய்கள் என்ற கட்டத்தில் அவருக்கும் சரி, எனக்கும் சரி, முத்து முத்தான எழுத்தில் சோதிக்கப்பட்டது, பழுது ஏதும் இல்லை. முப்பத்தொரு வருஷம் லிஃப்டுகளைச் சோதித்து அட்டையில் எழுதினாரே, அதே வரி, கீழே தேதியோடு! ஒன்பது வருஷமாகச் சர்க்கரை மாத்திரை, போன வருஷம் நீ லீவு போட்டு ஓடிவந்தாயே அந்த ஸ்டென்ட், இதில் பழுது இல்லையாம். கேட்டால் கை தானா எழுதிடுச்சு என்கிறார். இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தேன், அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் உண்மை வெளியே வந்தது. உள்ளதை எழுதினா சேர்த்துக்க மாட்டாங்க, அப்புறம் எல்லாம் பொண்ணு தலையில விழும்னு பயந்துட்டேன் என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பத்திரம் வந்த பதினைந்து நாளுக்குள் திருத்தம் சொல்லலாமாம், இன்றைக்குப் பன்னிரண்டு. காலையில் இருவருமாக உட்கார்ந்து அவருடைய சர்க்கரை, ஸ்டென்ட் எல்லாவற்றையும் எழுதினோம். என் கட்டம் வந்ததும் எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். மூணு மாடி ஏற நாலு இடத்துல நிக்கறே, ஆறு மாசமா எண்ணிட்டுதான் வரேன், முன்னாடி ரெண்டு இடம்தான், பை கனம்னு சொல்லாதே, நேத்து வெறுங்கையோடதான் ஏறினே என்றார். தெரிந்துகொண்டேதான் பழுது இல்லை என்று எழுதினீங்களா என்று கத்தினேன். நீயும் தெரிஞ்சுக்கிட்டேதானே சொல்லாம இருந்தே என்றார். இவரை மூன்று நாளாகத் திட்டித் தீர்த்தவள் நான்.

என் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம், அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பிவிடுவோம், கம்பெனி சேர்த்துக்கொண்டாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, காப்பீட்டை நினைத்து இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. பதில் எழுதும்போது சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. போன வாரம் போனில் இருமிக்கொண்டே இருந்தாயே, அது எத்தனை நாளாக?

அன்புடன்,
நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கும்
உன் அம்மா