ஒருவரை நினைத்து எழுதிய கடிதம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று புகார்க் கடிதங்கள் ஒன்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் கம்பெனி பம்பு இரண்டாவது முறையாகப் படுத்துவிட்டதாம். தலைமையாசிரியர் மூன்று பக்கம் திட்டியிருக்கிறார். திட்டு நன்றாகவே இருந்தது, பிழையே இல்லை. முதலில் வருத்தம், அடுத்து என்ன செய்யப்போகிறோம், எந்தத் தேதிக்குள், யார் வருவார் என்று பதிலை வரிசையாக எழுதினேன். காரணம் சொல்லி ஆரம்பித்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும். பதினாலு வருடத்தில் நான் கற்ற தொழில் ரகசியம் ஒன்றுதான்: கூட்டத்துக்கு எழுதாதே, எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுது. தலைமையாசிரியருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, காலித் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். அரைப் பக்கத்தில் பதில் முடிந்தது.

கதவில் ‘கடிதப் பிரிவு’ என்று பலகை இருக்கிறது. பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

மதியம் ஸ்டோர்ஸ் அக்கா வந்தார். “என்ன ரைட்டரம்மா, இன்னைக்கு யாருக்கு ஐஸ் வச்ச?” என்று கேட்டுக்கொண்டே டப்பாவைத் திறந்தார். முட்டி வலி கூடிவிட்டதாம். இரும்புப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்குகிறார். யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வது போல நின்றுவிடுவாராம். “காலையில டீயை மூணு தடவை சூடு பண்றேன், ஒரு தடவைகூட சூடா குடிச்சதில்ல” என்றார். இருவரும் சிரித்தோம். இன்று நான் வாய்விட்டுப் பேசியது மொத்தமே அந்த நாற்பது நிமிடம்தான்.

ஜூன் 5, வியாழன்

பர்சனல் மேனேஜர் கூப்பிட்டார். யார் வாயைத் திறந்தாலும் “சுருக்கமா சொல்லுங்க” என்பார் என்பதால் ஆபீசில் அவருக்குச் சுருக்கம் சார் என்று பெயர். அவர் மட்டும் இன்று நீளமாகப் பேசினார். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம். இருபது பேர் போக வேண்டும். அவரே எழுதி அனுப்பிய சுற்றறிக்கைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். வாங்கிப் பார்த்தேன். ‘மேற்கண்ட திட்டத்தின்கீழ்’ என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் ஒரு பக்கம். மூன்று பேர் எப்படிப் போட்டார்கள் என்பதே ஆச்சரியம்.

“மனசைத் தொடணும்மா. யாரையும் தள்ளுற மாதிரி இருக்கக் கூடாது. அவங்களா வரணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்று இந்த ஆபீசில் நான் எதற்கும் சொன்னதில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலை முழுவதும் ஒரு வரி வரவில்லை. எதிரில் யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. ஐம்பது தாண்டியவர்களில் எனக்கு யாரைத் தெரியும்? முகங்கள் தெரியும், வருகைப் பதிவேட்டு எண்கள் தெரியும். கடைசியில் ஸ்டோர்ஸ் அக்காவை உட்கார வைத்தேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி வந்தது.

‘படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடும் காலம் எல்லோருக்கும் வருகிறது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நின்று இறங்கும் அவசியம் இனி உங்களுக்கு இல்லை. ஒரு காலைத் தேநீரையாவது சூடாகக் குடித்து முடியுங்கள். இத்தனை வருடம் எங்களுக்காக ஓடினீர்கள். நிற்கச் சொல்வதும் எங்கள் கடமைதான்.’

சுருக்கம் சார் இரண்டு முறை படித்தார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. முதலாளி கையெழுத்தோடு திங்கட்கிழமை போகிறது.

அக்காவுக்கும் ஐம்பத்து நாலு, அவருக்கும் போகுமே என்று பஸ்ஸில்தான் உறைத்தது. போகட்டும். “என்னை இங்கேருந்து தூக்கிட்டுத்தான் போகணும்” என்று சொல்கிறவர், இதைப் படித்துவிட்டு என்னைக் கிண்டல் செய்வார்.

ஜூன் 9, திங்கள்

கடிதங்கள் போய்விட்டன. மதியம் அக்கா வரவில்லை. சரக்கு வந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

சுருக்கம் சார் அறைக்கே வந்து கை கொடுத்தார். புதுக் கடிதத்துக்கு இருபத்தாறு பேர். “உங்க கை பொன்னும்மா!” பட்டியலை என் மேசையில் வைத்தார். முதல் பெயர் அக்காவுடையது. நேற்றுக் காலை ஒன்பதரைக்கே போட்டிருக்கிறார்.

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

ஜூன் 12, வியாழன்

ஸ்டோர்ஸுக்குப் போனேன். அக்கா பேரிங் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று நிமிரவே இல்லை.

“அக்கா, நீங்க ஏன் கையெழுத்து...”

“லெட்டர் நல்லா இருந்துச்சு. போட்டேன்.”

“சாப்பிட வாங்களேன்.”

“வேலை கெடக்கு.”

பதினாலு வருடத்தில் அவர் இத்தனை சுருக்கமாகப் பேசியதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? கடிதத்தில் முதலாளி பெயர்தானே இருக்கிறது!

கடிதத்தோடு போன படிவத்தின் கடைசி வரி நான் எழுதியதுதான்: கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். 20ஆம் தேதி மாலை ஐந்து மணி வரை. எட்டு நாள் இருக்கிறது. அறிமுகமே இல்லாத இருபத்தைந்து பேரைப் போக வைத்தவளுக்கு, தெரிந்த ஒருவரை இருக்க வைக்கத் தெரியாதா?

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். “வேற ஒண்ணும் விசேஷம் இல்லையே?” என்றான். இல்லை என்றேன். ஒன்றரை நிமிடம்.

அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதியில் ஸ்டோர்ஸுக்கு அவர் எவ்வளவு அவசியம் என்று ஆரம்பித்தேன். பாராட்டு மடல் போல இருந்தது, கிழித்தேன். இரண்டாவதில் வேலையை விட்டால் வரும் கஷ்டங்கள். படித்தால் மிரட்டல். மூன்றாவதில் என்னைப் பற்றி எழுதினேன். அதை முழுதாகப் படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

ஏழாவது பிரதி. நடுப்பத்தி மட்டும் தேறும். சாப்பாட்டு நேரத்தில் கதவு திறந்தது. ஃபேன் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன்.

ஜூன் 18, புதன்

இதைப் போய் நேரில் சொன்னால் என்ன? ஸ்டோர்ஸ் ஐம்பதடி தூரம். போய் நின்றால் எனக்கு வார்த்தை வராது. எழுதினால்தான் நான் மனுஷி, பேசினால் மரக்கட்டை.

ஜூன் 19, வியாழன்

பதினோராவது பிரதி. ஒரு பக்கம். எந்த இடமும் இடறவில்லை. உறையில் போட்டு, ‘ஸ்டோர்ஸ்’ என்று எழுதி, மாலையில் உள் தபால் தட்டில் வைத்தேன். தபால்காரர் காலை ஒன்பதுக்குள் எல்லா மேசைக்கும் கொடுத்துவிடுவார். நாளை முழுப் பகல் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

ஒன்பது, பத்து, பதினொன்று. காலடிச் சத்தம் கேட்ட போதெல்லாம் எழுந்தேன்.

ஐந்து மணி.

வரவில்லை. படித்தும் வரவில்லை என்றால் இனி என்ன இருக்கிறது?

ஜூன் 23, திங்கள்

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன், நடந்தபடியே.

பத்து மணிக்கு அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் என் உறை. “இது இப்பதான் வந்துச்சு” என்றார். தபால்காரர் வெள்ளி, சனி இரண்டு நாள் லீவாம். மாற்று ஆள் போடவில்லையாம். அது எனக்குத் தெரியாது. தட்டு நிரம்பியிருந்ததை வெள்ளிக்கிழமை நான் பார்த்தேன். பார்த்தும் என்ன ஏதென்று யோசிக்கவில்லை.

“போகாதீங்கன்னு எழுதியிருக்க. அப்ப முன்னாடி எதுக்குப் போங்கன்னு எழுதின?”

“அது முதலாளி...”

“முதலாளிக்கு என் முட்டி தெரியுமா? நான் செருப்பைச் சரி பண்ற மாதிரி நிக்கிறது தெரியுமா? டீ ஆறிப்போறது எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அது கம்பெனி லெட்டர்ல வந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது?”

அக்கா உறையிலிருந்து என் கடிதத்தை உருவினார்.

“சரி, பதினாலு வருஷமா எம் புலம்பலைக் கேட்டு இவளுக்கும் அலுத்துப்போச்சு. மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வராம கம்பெனி பேர்ல சொல்றா. அப்படித்தான் நெனச்சேன். நீயே போன்னு சொன்னப்புறம் இங்க யாருக்காக உக்காந்திருக்கணும்?”

ஐயோ. அப்படியா நினைத்தார்? ஒன்பதரை மணிக்குக் கையெழுத்துப் போட்டது அதற்கா? மரக்கட்டைக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

“ஒருத்தரை நெனச்சு எழுதினாதான் எனக்கு வரும்க்கா. நெனைக்க வேற யாரும் இல்ல. எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?”

சொல்லிவிட்டு அழுதேன். ஆபீசில் அழுதது இதுதான் முதல் முறை.  அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

“இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கு ஸ்டோர்ஸ்ல சொல்லியிருந்தா நான் அங்கயே பேப்பரைக் கிழிச்சிருப்பேனே. ஒரு பக்கம் எதுக்குடி எனக்கு?”

ஜூன் 24, செவ்வாய்

காலம் கடந்து திரும்பப் பெற அனுமதி கேட்டு முதலாளிக்கு விண்ணப்பம். “நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்” என்றார் அக்கா. முதல் வரியிலேயே கோரிக்கை, இரண்டாவதில் தபால் தாமதம், மூன்றாவதில் அவருடைய இருபத்தொரு வருடம். அலங்காரம் ஒன்றும் வைக்கவில்லை. நான் எழுதியதிலேயே நல்ல விண்ணப்பம் இதுதான். மதியம் சேர்ந்து சாப்பிட்டோம். 

ஜூன் 26, வியாழன்

கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் முதலாளி கையெழுத்தில் ஒரே சொல்: ‘இயலாது’. கீழே சுருக்கம் சார்: ‘கடிதப் பிரிவு உரிய பதில் தயாரிக்கவும்.’

உரிய பதில். நான் எழுதிய அந்த விண்ணப்பத்துக்கு, நானே. மாடிக்குப் போய்ச் சுருக்கம் சாரிடம் வாதாடினேன், நம்ப முடிகிறதா? நின்றுகொண்டே பேசினேன். “ஒருத்தருக்கு விட்டா இருபத்தாறு பேரும் கேப்பாங்கம்மா. சுருக்கமா சொல்லணும்னா, முடிஞ்சுபோச்சு” என்றார்.

ஜூன் 27, வெள்ளி

மறுப்புக் கடிதத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் நன்றி, நடுவில் பஞ்சு சுற்றி மறுப்பு, முடிவில் வாழ்த்து. நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். இன்று அப்படி எழுதவில்லை. ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 30ஆம் தேதி தங்கள் கடைசி வேலை நாள்.’ கையெழுத்து வாங்கிக்கொண்டு நானே ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். உறையை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: “முடியாதுன்னுட்டாங்கக்கா.”

“தெரியும். நீ நடந்து வர்றதைப் பார்த்தே தெரிஞ்சுபோச்சு” என்றார். உறையை அவர் பிரிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

நாலு மணிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவுக்கு ஒரு கைக்கடிகாரம். நான் பின்னால் நின்றேன்.

ஜூலை 4, வெள்ளி

திட்டத்தின் முடிவறிக்கை கேட்டார்கள். இலக்கு இருபது, பழைய மூன்று பேரோடு சேர்த்துப் போனவர்கள் இருபத்தொன்பது. ‘வெற்றிக்கான காரணம்’ என்ற தலைப்பின் கீழ் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு, ‘கடிதத்தைப் படித்தவர்கள் அதை உண்மை என்று நம்பினார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். சுருக்கம் சார் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்.

ஸ்டோர்ஸில் புது ஆள். எது கேட்டாலும் சீட்டில் எழுதித் தரச் சொல்கிறார். மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தேன். மீதி அரைமணி என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

எதுவும் எழுதாமல், போன்கூடச் செய்யாமல், விசாரித்துக்கொண்டே போனேன். இரண்டு பஸ். பதினாலு வருடத்தில் அக்கா வீட்டுக்குப் போவது முதல் முறை. வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். தெருமுனையில் அத்தனையும் மறந்துபோயிற்று.

அக்கா வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நானும் நின்றேன்.

“யாரு இது?” என்று அந்த அம்மா கேட்டார்.

“என் வேலைக்கு உலை வச்சவ இவதான்” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “ஏண்டி அங்கயே நிக்கிற? உள்ள வா, சாப்பாட்டு நேரமாச்சு.”